பதினோரு உறவும் ஒரு காலிக் கட்டமும்

லிண்டன்டாலில் மிலாவின் கையைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. குட்டியூண்டு கை. பத்து வயதுப் பிள்ளையின் கையுறை அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஏப் பென்னரின் பன்றிப் பண்ணையில் ஒரு தாய்ப்பன்றி குட்டி போட முடியாமல் திணறினால், கால்நடை டாக்டருக்குப் போன் போகாது. "மிலாவைக் கூப்பிடு!" என்றுதான் கொட்டகை முழுக்கக் குரல் எழும். அவளும் முழங்கை வரை சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு, பன்றியின் காதோரம் தன் ஊர் பாஷையில் செல்லம் கொஞ்சிக்கொண்டே, குறுக்கே கிடக்கும் குட்டியைத் திருப்பி வெளியே எடுத்துவிடுவாள். கைராசிக்காரி. நாலு வருஷத்தில் அவள் கை வழியாக வெளிச்சம் பார்த்த குட்டிகளை வரிசையாக நிறுத்தினால், தபால் ஆபீஸிலிருந்து தேவாலய வாசல் வரை நிற்கும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு ஃபாரத்தில் கோட்டை விட்டாள். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தது.

முழுப்பேர் மிலாக்ரோஸ் பால்மாரெஸ். பிலிப்பைன்ஸில் இலோயிலோ பக்கம், மீன் விற்கிற வீட்டில் ஆறாவது பெண். புருஷன் கப்பல்காரன். எந்தத் துறைமுகத்தில் இறங்கினானோ, மறுபடி ஏறவே இல்லை. அதற்காக மிலா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்பது வயது மகள் ஜோவெலினைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே எட்டு வருஷம். பிறகு கனடாவில் இந்த மனிடோபா மாகாணத்துக்குப் பன்றிப் பண்ணை வேலைக்கு வந்தாள். இங்கே நாலு வருஷம். ஆக மொத்தம் பன்னிரண்டு வருஷத்தில் பெற்ற மகளைக் கட்டிப்பிடித்தது மூன்றே மூன்று தடவை. மற்றதெல்லாம் போன் திரையில்தான்.

தினம் வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவும் மகளும் பேசியாக வேண்டும். அங்கே அப்போது மறுநாள் விடிகாலை ஆறு. ஜோவி பல் தேய்த்துக்கொண்டே கதை கேட்பாள். கதை என்றால் இந்த ஊர்க் கதை. யார் வீட்டுக் காரில் பனி ஏறியது, யார் யாரிடம் முறைத்துக்கொண்டார்கள், எந்தப் பன்றி எத்தனை போட்டது, எல்லாம். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரியாத ஊர்வம்பு, ஏழு கடல் தாண்டி இருக்கிற அந்தப் பெண்ணுக்கு அத்துப்படி.

இப்போது ஃபாரத்துக்கு வருவோம்.

இந்தச் சமவெளியில் சின்ன ஊர்களுக்கெல்லாம் ஒரே தலைவலி, ஆள் இல்லை. இங்கே பிறக்கிற பிள்ளைகள் மீசை முளைத்ததும் வின்னிபெக்குக்கோ அதற்கும் அப்பாலோ ஓடிவிடுகின்றன. அதனால் அரசாங்கம் ஒரு வழி வைத்தது. ஊர்க் குழு கூடி, "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று கடிதம் கொடுத்தால், மாகாணம் அவரைப் பரிந்துரைக்கும். மாகாணம் பரிந்துரைத்தால் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கிடைத்த மாதிரிதான். லிண்டன்டாலுக்கு அப்படிக் கடிதம் கொடுக்கும் அதிகாரம் போன இலையுதிர்காலத்தில்தான் வந்தது.

மிலாவுக்கு அது வயிற்றில் பாலும் வார்த்தது, புளியும் கரைத்தது. ஏனென்றால் தாயோடு சேர்த்துப் பிள்ளையையும் கூப்பிட வேண்டுமானால், விண்ணப்பம் மாகாணத்தின் கைக்குப் போய்ச் சேரும் நாளில் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது ஆகியிருக்கக் கூடாது. ஜோவிக்கு மார்ச் பத்தொன்பதாம் தேதி இருபத்திரண்டு. ஊர்க் குழு கூடுவதோ மாதம் ஒருமுறை. பிப்ரவரிக் கடைசி வியாழக்கிழமையை விட்டால் அவ்வளவுதான். அம்மா இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம், ஆயுசுக்கும் போன் திரைதான்.

குழுவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் நாலு பேர் கடிதம் வாங்கி, மை காய்வதற்குள் டொரான்டோவுக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். அந்தக் கடுப்பில் லிண்டன்டால்காரர்கள் ஃபாரத்தில் நாலாம் பக்கம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் இரண்டு கட்டம். "கனடாவில் வேறு ஊர்களில் உள்ள உங்கள் உறவினர்கள்" என்று ஒன்று. "இந்த ஊரில் உங்களுக்கு உறவு அல்லது நெருக்கமானவர்கள்" என்று இன்னொன்று.

பண்ணையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து மிலா அதை நிரப்பினாள். பக்கத்தில் ரோடெல். அவனும் இலோயிலோக்காரன், தீனி பிரிவில் வேலை, முப்பது வயது, வாய் மட்டும் அறுபது.

"அக்கா, எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேரையும் எழுது. நம்ம ஊர்ல எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதல் கேள்வி என்ன? உனக்கு யாரைத் தெரியும்னுதானே? நாதியத்தவன்னு நினைச்சா மதிக்க மாட்டாங்க."

"அதானே! டொரான்டோவுல பெர்லா அக்கா இருக்கா. கால்கரியில டாடோ அண்ணன். எட்மன்டன்ல ஜோவியோட ஞானஸ்நானத் தாய்..."

"என் சித்தி வான்கூவர்ல இருக்கு, அதையும் போட்டுக்கோ."

"அவங்களை நான் பார்த்ததே இல்லையேடா."

"எனக்குச் சித்தின்னா உனக்கு யாரு? போடு அக்கா!"

போட்டாள். பதினோரு பேர். கட்டம் நிரம்பி ஓரத்திலும் ஏறியது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட அவளுக்கு ரத்த சொந்தம் இல்லை. ஆனால் அவர்களுக்கு அது ஒரு பொருட்டா என்ன? வயதில் மூத்தவளை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு அழுகிவிடும் என்று வளர்ந்தவர்கள். நமக்கு பஸ் கண்டக்டர் அண்ணனும் பூக்காரி அக்காவும் ஆன மாதிரிதான். உறவு என்று வாய் சொல்லிவிட்டால் மனசும் அப்படியே நம்பிவிடும்.

இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இந்த ஊரில் யாரை எழுதுவது? முதலாளியைச் சொந்தம் என்று எழுதினால் ஏப் பென்னர் என்ன நினைப்பார்? தபால் ஆபீஸ் அம்மாவை நெருக்கம் என்று எழுதினால், "ரெண்டு ஸ்டாம்ப் வாங்கினதுக்கா?" என்று கேட்க மாட்டாளா? கூச்சம் பிடுங்கித் தின்றது. "யாருமில்லை" என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாலு நாள் கழித்து எர்மா தீசன் போன் செய்தாள். எர்மாதான் தபால் ஆபீஸ் அம்மா. குழுவுக்கும் அவள்தான் தலைவி. அறுபத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால்தலை ஒரு மயிரிழை கோணலாக ஒட்டியிருந்தாலும் பிய்த்து நேராக ஒட்டச் சொல்கிற ரகம்.

"மிலா, உங்களுக்கு வெளியூர்ல பதினோரு சொந்தம். இங்கே பூஜ்யம். குழுவுக்கு இது சரியாப் படல. வியாழக்கிழமை மூணு மணிக்கு நூலகத்துப் பின் அறைக்கு வாங்க. விளக்கம் சொல்லணும்."

மிலா போனை வைத்தாள். மறுநாள் ரோடெலைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டையில போறவனே! போடு போடுன்னியே, இப்ப பாரு! நான் கடிதம் வாங்கிட்டு டொரான்டோவுக்கு ஓடிடுவேன்னு நினைக்கறாங்க."

ரோடெல் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "சரி, அவங்க யாரும் நிஜச் சொந்தமில்லன்னு சொல்லிடேன்."

"சொந்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேனேடா! இல்லன்னு சொன்னா பொய் எழுதினவ. ஆமான்னு சொன்னா ஓடிப்போறவ. எந்தப் பக்கம் போனாலும் அடி."

"அப்ப ஜோவி?"

மிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு தீனித் தொட்டியைத் தேய்த்த தேய்ப்பில் அது பளபளவென்று ஆகிவிட்டது.

மகளிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை மூணு மணிக்குப் பேட்டி. ரெண்டு கேள்வி கேப்பாங்க, மூணரைக்கு முடிஞ்சிடும். நாலு மணிக்கு எப்பவும் போலப் பேசலாம்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் காட்டியிருப்பாளா? மாட்டாள். பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம்.

வியாழனும் வந்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. ஏப் அவளுக்கு அன்றைக்கு லீவு கொடுத்திருந்தார். நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, என்ன சொல்லலாம் என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு ரோடெல் கூப்பிட்டான்.

"அக்கா, கோபப்படாதே. ஏப் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. இண்டாய் காலையிலேர்ந்து முக்குது. ஒண்ணுகூட வரல. ஏப் கை உள்ளேயே போக மாட்டேங்குது. டாக்டர் வர மூணு மணி நேரமாகும்."

இண்டாய் என்பது ஒரு பன்றி. பண்ணைக் கணக்கில் அதற்கு நம்பர்தான். மிலா திருட்டுத்தனமாக வைத்த பேர் அது.

அந்தக் கொட்டகைக்குள் போவது லேசுப்பட்ட காரியமா? நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று, போகும்போது ஒரு குளியல், வரும்போது ஒரு குளியல். சொந்தத் துணி, கடிகாரம், போன் எல்லாம் வெளியே. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நேரம் சரியாக இருக்கும் என்று நினைத்தாள். பொய். நேரம் சரியாக இருக்காது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் போனாள்.

"உன்னை யாரு வரச் சொன்னது?" என்று கத்தினார் ஏப். ஆறடி மூன்று அங்குலம், கோபம் வந்தால் காது முதலில் சிவக்கும். "இன்னிக்கு உனக்குப் பேட்டி!"

"பன்னிக்குத் தெரியுமா எனக்குப் பேட்டின்னு? நகருங்க."

இரண்டு குட்டிகள் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பின்னால் தள்ளி, இன்னொன்றின் தாடையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவருவதற்குள் மிலாவின் தோள் கழன்றுவிடும் போல் ஆனது. முதல் குட்டி மூச்சில்லாமல் வந்தது. வைக்கோலால் தேய்த்து, மூக்கைத் துடைத்து, தலைகீழாக ஆட்டினாள். தும்மியது. அப்புறம் என்ன, வரிசைகட்டி வந்தன, பதிமூன்று! ஏப் ஒரு மூலையில் நின்று எண்ணிக்கொண்டே, "போ, போய்க் குளி, போய்த் தொலை!" என்று விரட்டினார்.

குளித்த தலையைத் துவட்ட நேரமில்லை. ஏப்பின் டிரக்கில் ஏறி நூலக வாசலில் இறங்கி உள்ளே நடப்பதற்குள் தலைமயிர் குச்சி குச்சியாக உறைந்துவிட்டது. மணி மூன்று நாற்பது. அந்தக் கோலத்தோடு பின் அறைக்குள் நுழைந்தாள். ஏப் கதவருகில் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் எர்மா. அவளுக்கு இடப்பக்கம் லைல், ஊருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். பெண்டாட்டி இறந்து ஐந்து வருஷமாகத் தனியாள். வலப்பக்கம் டெல்பர்ட், மளிகைக்கடைக்காரர். அவர் கூட்டத்துக்கு வருவதே பிஸ்கட்டுக்காகத்தான்.

"நாற்பது நிமிஷம் தாமதம்" என்றாள் எர்மா.

"மன்னிச்சிடுங்க மேடம். பன்னிக்குப் பிரசவம்."

"எத்தனை?" என்றார் டெல்பர்ட். அன்றைக்கு அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"பதிமூணு. எல்லாம் உசிரோட."

எர்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபாரத்தை எடுத்தாள். "சரி. பெர்லா, டொரான்டோ. அக்கான்னு போட்டிருக்கீங்க. கூடப் பிறந்தவங்களா?"

மிலாவுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோய்விட்டது. உண்மைதான் மிச்சமிருந்தது.

"இல்ல மேடம். ஹாங்காங்ல ஒரே அறையில அடுக்குக் கட்டில். எனக்கு முதுகு வலின்னு கீழ்க் கட்டிலை விட்டுக் கொடுத்தாங்க."

"அதுக்கு அக்காவா?"

"ரெண்டு வருஷம் விட்டுக் கொடுத்தாங்க மேடம்."

"டாடோ, கால்கரி. அண்ணன்?"

"நான் இந்த நாட்டுல வந்து இறங்கினப்ப கோட்டே இல்லாம நின்னேன். வரிசையில எனக்கு முன்னாடி நின்னவரு. தன் கோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டு அடுத்த விமானத்துக்கு ஓடிட்டாரு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவேன்."

"இந்த வான்கூவர் சித்தி?"

மிலா தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்களை எனக்குத் தெரியவே தெரியாது."

லைல் வாயைப் பொத்திக்கொண்டார். எர்மா பொத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. "பதினோரு பேர்ல உங்க ரத்த சொந்தம் எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்புறம் ஏன் எழுதினீங்க? கையெழுத்து வேற போட்டிருக்கீங்க!"

"எங்க ஊர்ல பெரியவங்களைப் பேர் சொல்ல மாட்டோம் மேடம். அக்கா, அண்ணன்னு கூப்பிட்டா அப்புறம் அவங்க அக்கா, அண்ணன்தான். பொய் சொல்லணும்னு எழுதல. நாலு பேர் இருக்காங்க எனக்குன்னு காட்டணும்னுதான்..." சட்டென்று நிமிர்ந்தாள். "நான் எங்கேயும் ஓட மாட்டேன் மேடம். என் பொண்ணு வரணும். அவ்வளவுதான்."

எர்மா பேனாவால் இரண்டாவது கட்டத்தைத் தட்டினாள். "வெளியூர்ல முகம் தெரியாத சித்தி வரைக்கும் இருக்கு. இங்கே நாலு வருஷமா இருக்கீங்க. ஒருத்தர்கூட இல்லையா? அதுதான் எனக்குப் புரியல."

அந்தக் கேள்வியில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். மிலாவுக்கு அது உறைத்தது. உங்களையெல்லாம் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? மணி நாலு ஆனது.

மேஜை மேல் வைத்திருந்த போன் அலறியது. திரையில் ஜோவி.

மிலா பதறிப்போய் அணைக்கப் பார்த்தாள். உறைந்த விரல், தப்பாகப் பட்டு அழைப்பு திறந்துகொண்டது. திரை முழுக்கப் பல் தேய்க்கிற வாய்.

"மா! முடிஞ்சிச்சா? என்ன சொன்னாங்க? என்ன உன் தலை, முள்ளம்பன்னி மாதிரி... ஐயோ! பின்னாடி யாரு? எர்மா பெரியம்மாவா?"

பெரியம்மாவா! எர்மாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ஜோவி, வை போனை!"

"இரும்மா. பெரியம்மா, உங்க பூனைக்குக் கால் சரியாச்சா? கட்டுப் போட்டதைக் கடிச்சுக் கடிச்சு எடுத்துடுதாமே! அம்மா சொன்னாங்க. பக்கத்துல லைல் மாமாவா? மாமா, இந்த வருஷமும் அஞ்சு லும்பியா வருதா? மத்தவங்களுக்கு மூணுதான். உங்களுக்கு மட்டும் அஞ்சு. புயல்ல எங்கம்மா வாசலைத்தான் முதல்ல தள்ளுவீங்களாமே."

லைல் மெதுவாக எழுந்து நின்றார்.

"அந்தச் சுருட்டின பலகாரம்... தபால் பெட்டி மேல, துணிப் பையில, சூடா... அது நீங்களா?"

மிலா தலையை மட்டும் ஆட்டினாள். வாய்விட்டு எப்படி ஒப்புக்கொள்வாள்? கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிற வழக்கம் அவளிடம் இல்லை.

"கடவுளே! ரெண்டு குளிர்காலமா நான் அதை எதிர் வீட்டு விதவையம்மா வைக்கறாங்கன்னு நினைச்சேன். அந்த அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பூங்கொத்துகூடக் கொடுத்துட்டேன்!"

டெல்பர்ட்டுக்குப் பிஸ்கட் புரையேறியது. கதவருகில் ஏப் பென்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போனுக்குள் ஜோவி, "அது ஏப் மாமா சிரிப்புதானே? அம்மா செஞ்சு காட்டுவாங்க, அப்படியே இருக்கு!" என்றாள். ஏப்பின் காது குப்பென்று சிவந்தது.

எர்மா மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை வீட்டுல அப்படித்தான் சொல்வீங்களா?" என்று மிலாவிடம் கேட்டாள். "பெரியம்மான்னு?"

"அவளுக்குப் பெரியம்மா. எனக்கு... எர்மா அக்கா. நீங்க இருக்கறப்ப மேடம்."

"ஏன் அப்படி?"

"நீங்க என்ன நினைப்பீங்களோன்னுதான். நீங்க அக்கா இல்லன்னு சொல்லிட்டா, நான் அப்புறம் யாரைச் சொல்வேன்?"

இதற்குள் ஜோவிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பேட்டி முடியவில்லை, நடுவில் புகுந்துவிட்டோம் என்று தெரிந்ததும் முகம் வெளிறியது. என்ன செய்வது என்று தெரியாமல், பெரியவர்கள் முன்னால் அவர்கள் செய்வதைச் செய்தாள். தலையைக் குனிந்து நெற்றியைத் திரையோடு ஒட்டி வைத்தாள்.

"இதென்ன, பொண்ணு எனக்குத் தலைவகிடு காட்டுது?" என்றாள் எர்மா.

"ஆசி கேக்கறா. பெரியவங்க கையைப் பிடிச்சு நெத்தியில வெச்சுக்குவோம். நீங்க கையைக் கொடுக்கணும்."

"போன்லயா?"

"பக்கத்துல காட்டினாப் போதும்."

எர்மா தீசனுக்கு அரைகுறையாக எதையும் செய்து பழக்கமில்லை. கையை நீட்டி, திரையின் மேலேயே அழுத்தி வைத்தாள். உள்ளங்கை பட்டு அழைப்பு துண்டாகிவிட்டது.

"போச்சு" என்றாள் எர்மா. "என்ன பண்ணிட்டேன்?"

முதலில் சிரித்தது மிலாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உறைந்த முடி உருகிக் கழுத்தில் சொட்டச் சொட்டச் சிரித்தாள். அப்புறம் அறையே சிரித்தது. எர்மா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஃபாரத்தை மிலா பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினாள்.

"முதல் கட்டத்துக்குப் பக்கத்துல எழுது. இவங்க யாரும் ரத்த சொந்தமில்ல, எங்க வழக்கப்படி கூப்பிடற முறைன்னு. தெரியாத சித்தியை அடிச்சிடு. தேதி போட்டுக் கையெழுத்து. தப்பைத் திருத்த எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனா முறையாத் திருத்தணும்."

மிலா எழுதினாள்.

"இப்ப ரெண்டாவது கட்டம். யாருமில்லைன்னு எழுதியிருக்கியே, அதை அடி. நேர் கோடா அடி. இப்ப எழுது."

"யாரை மேடம்?"

"மேடமா?"

மிலா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தக் குட்டிக் கையால், எர்மா தீசன், அக்கா, என்று எழுதினாள். ஏப் பென்னர், அண்ணன். லைல், மாமா. அதற்கு அவர், "அண்ணன்னு போடு, மாமான்னா வயசான மாதிரி இருக்கு" என்று சண்டை பிடித்தார். டெல்பர்ட் வாயில் பிஸ்கட்டோடு தன்னையே காட்டி விரலை நீட்டினார். அவரையும் போட்டாள். இண்டாயையும் எழுதியிருப்பாள், எர்மா விடவில்லை.

கடிதம் அன்றைக்கே கையெழுத்தானது. விண்ணப்பம் மார்ச் ஏழாம் தேதி மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். ஜோவியின் வயது காகிதத்தில் அப்படியே நின்றுகொண்டது. இனி எத்தனை மாதம் ஆனால் என்ன? மிலா அன்று சாயங்காலம் ஊருக்கே லும்பியா சுருட்டினாள். எதிர் வீட்டு விதவையம்மாவுக்கும் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவர் லைல். அவர் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் காத்திருப்புத்தான். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், அது இது என்று ஒன்றேகால் வருஷம் ஓடியது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கடுகு வயல்கள் மஞ்சள் கட்டத் தொடங்கின நேரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் வின்னிபெக் விமான நிலையத்தில் லிண்டன்டாலின் கால்வாசி நின்றது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறதுதான், விடுங்கள். மிலா, ஏப், ரோடெல், லைல், லைலோடு பூப்போட்ட சட்டையில் எதிர் வீட்டு அம்மா, முன்வரிசையில் எர்மா. எர்மா வலது கையை, உள்ளங்கை கீழே பார்க்க, முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"கையைக் கீழே போடுங்க எர்மா. விமானமே இன்னும் இறங்கல" என்றார் ஏப்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"வீட்டுல பூனைகிட்ட பழகிப் பார்த்திருக்காங்க" என்று ரோடெல் கிசுகிசுத்தான்.

கதவு திறந்தது. மூன்று பெட்டி, கயிறு கட்டின ஓர் அட்டைப் பெட்டி, அதற்குப் பின்னால் ஜோவி. மிலா ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு காவலாளிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குட்டிக் கை மகளின் முதுகில் மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே இருந்தது, எல்லாம் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"மா, உள்ளே ஆபீசர் கேட்டாரு, இங்கே உனக்கு அம்மாவைத் தவிர யார் இருக்காங்கன்னு."

மிலா விலகி நின்றாள். "என்னடி சொன்னே?"

"பெரியம்மா, மூணு மாமான்னு சொன்னேன்."

"அடிப்பாவி! மறுபடியுமா!"

"அவரு சிரிச்சாரு. முத்திரை குத்திட்டாரு."

பிறகு ஜோவி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். யாரையும் யார் என்று கேட்கவில்லை. நேராக எர்மாவிடம் நடந்தாள். அந்தக் கை இன்னும் நீட்டினபடியே இருந்தது. ஜோவி அதை இரண்டு கையாலும் பிடித்து, தலை குனிந்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எர்மா கையை எடுக்கவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடுவதைத் துடைக்கவும் இல்லை.

"மிலா, பார்த்தியா?" என்றாள். "இந்தத் தடவை கட் ஆகல."